தாயில் வரும் துளிர்

பச்சைதான். பச்சை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பால் ஐஸ் அடைத்து விற்கிற நீளமான பிளாஸ்டிக் உறை, உறையின் உட்புறமெங்கும் நீர்த்துளி, துளிகளுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி, குச்சியை ஒட்டினாற்போலப் பச்சையாக ஏதோ ஒன்று. 'ஏதோ ஒன்று' என்பதை வேறு யாருடைய எழுத்திலாவது பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்து 'எது?' என்று ஓரத்தில் கேட்டிருப்பேன். முப்பத்தொரு வருஷம் அதுதான் வேலை, பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இப்போது அது இன்னும் கொஞ்சம் தெளிவான ஏதோ ஒன்றாகத் தெரிகிறது. உறையைக் கழற்றினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஒரு நொடியில் தெரிந்துவிடும் என்பதால்தான் கழற்றாமல் இருக்கிறேன். ஆறரை மணிக்கு, குச்சி நிற்கிற சட்டியைத் தூக்கித் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, எதிரில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், இப்போது ஏழு. பத்து மணிக்குத் தாரணி வருகிறாள். கோயமுத்தூரில் யாருக்கோ கல்யாணம், முடித்துக்கொண்டு ஓசூருக்குத் திரும்புகிற வழியில் இங்கே பத்து நிமிஷம். கார் இஞ்சினை அணைப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற அளவு நேரம். தாரணி தெய்வானையின் மகள். தெய்வானை என் மனைவி. இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்தால் தர்க்கப்படி மூன்றாவதாக ஒரு வாக்கியம் வர வேண்டும். முப்பத்தைந்து வருஷமாக வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் கேட்டாள்: "சார், புது வீட்டு முன்னாடி பன்னெண்டடி எடம் உட்டிருக்கறோம். அம்மா மரத்துல இருந்து ஒரு கன்னு கெடைக்குங்களா?" சார் என்பது நான். எட்டு வயதில் அவளுக்குச் சொல்வதெழுதுதல் நடத்திய மாடிவீட்டுச் சார், பத்து வயதில் அவளுடைய அம்மாவைக் கட்டிக்கொண்ட சார், நாற்பத்தைந்து வயதில் அவளுடைய போனில் ஓர் எண்ணாக இருக்கிற சார். தெய்வானை போய் நாலு வருஷம். அதற்கு முன்னும் பின்னும் தாரணி என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் என்று யோசித்தால் இது ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. "தாராளமா" என்றேன். அந்தச் சொல்லைத்தான் எவ்வளவு தாராளமாகச் செலவழித்துவிட்டேன்.

மரம் இருந்த இடத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். வெயில் அதை மதிப்பதில்லை. பதினொரு நாளைக்கு முன்பு வரை இந்தக் கல்லில் காலை வெயில் விழுந்ததே கிடையாது. இப்போது ஏழு மணிக்கே வந்து வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. கொல்லைக்குப் பின்னால் இருக்கிற தெருவில் பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்க வந்தவர்கள், தாரணி போன் செய்த அதே வாரம், அடிமரத்தில் சிவப்புப் பெயிண்டால் 17 என்று எழுதிவிட்டுப் போனார்கள். பதினாறு எது, பதினெட்டு எது என்று தெருமுழுக்க நடந்து பார்த்தேன். பதினாறு ஒரு வேம்பு, பதினெட்டு ஒரு கம்பம். எண் போட்டவருக்கு மரமும் கம்பமும் ஒரே இனம். எங்களுடையது வெண்சண்பகம். செண்பகம் என்று எழுதினாலும் தவறில்லை, ஆனால் நான் எழுத மாட்டேன்; செண்பகம் என்றால் செம்போத்துப் பறவையும் வந்து கிளையில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எது பூ எது குருவி என்று பிரிக்க ஓர் அடிக்குறிப்பு தேவைப்படும். தெய்வானைக்குச் சண்பகமும் கிடையாது, செண்பகமும் கிடையாது, வெள்ளப்பூ. தையல் டீச்சர். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள், அதனால் அவள் சொல்வதில் பாதி எனக்கு இடைச்சொல்லாகவே கேட்கும். "அகராதி புடிச்ச மனுசனுக்கு அகராதி ஆபீஸ்லயே வேல குடுத்திருக்கறாங்க பாருங்" என்பது முழுசாகக் கேட்ட வாக்கியங்களில் ஒன்று. வெள்ளைச் சண்பகம் ஒரு விசித்திரம். பூக்கும், தெருக்கோடி வரைக்கும் மணக்கும், உதிரும், விதை பிடிக்காது. காய்த்து விதை போட்டுக் குடும்பம் பெருக்குவதெல்லாம் மஞ்சள் சண்பகம். சரி, விதை இல்லாவிட்டால் போத்து. போத்து என்பது வெட்டி நடுகிற கிளைத்துண்டு. அகராதியைத் திறந்தால் ஆண் எருமைக்கும் அதே சொல். நாற்பது போத்து வாங்கினேன் என்று ஒருவர் எழுதினால் அவர் தோட்டம் போடுகிறாரா தொழுவம் போடுகிறாரா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். தெய்வானை கையில் போத்து என்றால் பிழைத்துக்கொள்ளும் என்று தெருவே சொல்லும். பூவரசு அப்படித்தான், அரளி அப்படித்தான். ஈழத்தலரியை முழ நீளத்துக்கு வெட்டி, பால் வற்ற ஒரு வாரம் நிழலில் கிடத்தி நடுவாள். மறந்துபோன மாதத்தில் மொட்டையான நுனியில் பூ நிற்கும். வெள்ளப்பூ மட்டும் அவளுக்கு அடங்கவில்லை. ஒவ்வோர் ஆடியிலும் நாலு துண்டு வெட்டி, நுனியில் சாணியை அப்பி நடுவாள். புரட்டாசியில் பிடுங்கிப் பார்ப்பாள், அடி கறுத்திருக்கும். இருபது ஆடி. "தலைகீழா நட்டுட்டியோ?" என்று கேட்பேன். "உங்களத்தானுங் தலகீழா நட்டுட்டேன், வருசம் இத்தனையாச்சு, இன்னும் வேர் புடிக்கக் காணோம்" என்பாள். ஊசி இல்லாமல் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். வேடிக்கை என்றால் அடுத்த சொல் பார்த்தல். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

போத்து இல்லை, விதை இல்லை, மிச்சம் ஒட்டு. ஒட்டுக்கு மயிலாத்தாள். நகருக்கு வெளியே ஒரு நர்சரியில் நாள் ஒன்றுக்கு இருநூறு முந்நூறு ஒட்டுக் கட்டுகிறவள். நாற்பது வயது இருக்கும். பேசும்போதுகூட விரல்கள் எதையோ சுற்றிக்கொண்டே இருக்கும். சட்டியில் வளர்த்த மஞ்சள் சண்பக நாற்று ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வழி இதுதான்: நாற்றைச் சட்டியோடு தூக்கி மரத்தின் தாழ்ந்த கிளைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், நாற்றில் கொஞ்சம் தோலைச் சீவ வேண்டும், கிளையிலும் அதே அளவு சீவ வேண்டும், இரண்டு காயத்தையும் முகத்தோடு முகம் வைத்துக் கட்டிவிட வேண்டும். இரண்டு மாதத்தில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் கிளையை மரத்திலிருந்து அறுத்துவிடலாம், நாற்றின் தலையையும் வெட்டிவிடலாம். வேர் மஞ்சளுடையது, மேலே பூப்பது வெள்ளை. கிளை உயரத்துக்குச் சட்டியைத் தூக்கி நிறுத்தத்தான் வழி இல்லை. மேஜை போட்டோம், போதவில்லை. செங்கல் ஆடியது. உள்ளே போய் எங்கள் குழு வெளியிட்ட கலைச்சொல் தொகுதி மூன்றையும் எடுத்துவந்து பாலிதீனில் சுற்றி மேஜைமேல் அடுக்கினேன். "நல்ல கனமுங் சார், பொஸ்தகம் ஆடவே இல்ல" என்றாள் மயிலாத்தாள். அந்தத் தொகுதிகளுக்கு வந்த ஒரே நல்ல மதிப்புரை. கட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணி காயாமப் பாத்துக்குங். தாய்ல துளிரு வந்துச்சுன்னா அப்பப்பக் கிள்ளி உட்ருங். உட்டீங்கன்னா சத்தெல்லாம் அதே புடிச்சுக்கும், ஒட்டு ஏறாதுங்." நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தாய் என்றால் தாய்மரம், எதிலிருந்து குச்சி எடுக்கிறோமோ அது. தொகுதி இரண்டு, சட்டிக்கு அடியில் நடுவாக இருப்பது, அந்தப் பதிவை எழுதியவன் நான். அன்றிலிருந்து தினமும் காலையில் முக்காலியில் ஏறி, கட்டியிருந்த கிளையில் தலைகாட்டிய துளிரையெல்லாம் நகத்தால் கிள்ளினேன். எதிரில் நாற்றின் தண்டில் தளதளவென்று வந்த இலைகளைக் கையால் தொடவில்லை. வளரட்டும், ஊட்டட்டும் என்று விட்டேன். எழுபத்துநாலு வயதில் முக்காலியில் ஏறுவதைத் தெய்வானை பார்த்திருந்தால் ஊசியைத் துப்பிவிட்டுத் திட்டியிருப்பாள். துளிர் கிள்ளும்போது விரலில் ஒரு வாசனை ஒட்டும், பூவின் வாசனை இல்லை, பூவுக்கு முந்தின வாசனை. அதை முகர்ந்துகொண்டே காப்பி குடிப்பேன். வீட்டில் பேச ஆள் இல்லாதவன் விரலை முகர்ந்துகொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

நாற்றுக்கு என்ன பெயர் என்று ஒரு காலத்தில் ஆறு பேர் சேர்ந்து மூன்று நாள் சண்டை போட்டோம். தொண்ணூற்றொன்றில். குச்சியைத் தாங்கித் தண்ணீரும் உப்பும் மேலே அனுப்புகிற அடிச்செடிக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும். ஒருவர் தாங்குசெடி என்றார், ஒருவர் வேர்ச்செடி என்றார். நான் செவிலிச்செடி என்றேன். பெறாதது, ஆனால் வளர்ப்பது. பழைய சொல், கையில் இருக்கிறது, ஏன் புதிதாகக் கட்ட வேண்டும்? குழுத் தலைவர் சிரித்துவிட்டு, "செவிலின்னா இப்ப ஊசி போடறவங்கதான் ஞாபகத்துக்கு வரும் ஐயா" என்று என் சொல்லை அடித்தார். நான் அடித்ததன் கீழே புள்ளிகள் வைத்தேன். மெய்ப்புத் திருத்துகிறவர்களுக்குள் அது ஒரு வழக்கம்: தவறாக அடித்துவிட்டோம் என்று தெரிந்தால், அடிபட்ட சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைப்போம். இருக்கட்டும் என்று அர்த்தம். தலைவர் புள்ளிகளையும் சேர்த்து அடித்தார். கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம். சொல்லாராய்ச்சி வேறு, வீடு வேறு என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். உவமை தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்திவிடுகிற ஆள் நான். ஆனாலும் இந்த வெயில், இந்தக் கல், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், எல்லாம் வரிசையில் நின்று தாரணியின் கல்யாணப் பத்திரிகையைத்தான் கொண்டுவந்து கையில் வைக்கின்றன. இரண்டாயிரத்து ஆறு. அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. வீட்டில் பிழை பார்க்கிறவன் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்கள்? 'காலஞ்சென்ற நாச்சிமுத்து – தெய்வானை தம்பதியரின் மகள்.' சரிதான். நாச்சிமுத்து பெற்றவர், அவர் பெயர்தான் வர வேண்டும். என் பெயர் கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற பட்டியலில், மூன்றாவது மாமாவுக்கும் நாலாவது மாமாவுக்கும் நடுவில் இருந்தது. தாரணி பக்கத்தில் நின்று, "எல்லாம் செரியா இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாள். நான் மறுபடி ஒருமுறை படித்தேன். 'திருமண பத்திரிகை' என்று இருந்தது, ப் போட்டேன். வேறு பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை என்றேன். கண்ணில் படவில்லை என்பது, யோசித்துப் பார்த்தால், எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த சொற்றொடர். தெய்வானை அன்றிரவு சாப்பாடு போடும்போது, "நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?" என்றாள். எதை என்றேன். அவளுக்கு அதற்குப் பிறகு ஊசி தேவைப்பட்டது. ஒட்டு உறவு என்று பேச்சில் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இல்லை என்று சொல்லும்போது மட்டும் இரண்டையும் பிரித்து, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இரண்டு முறை இல்லை போடுகிறார்கள். இல்லாததை அழுத்திச் சொல்ல நம்மிடம் எவ்வளவு இலக்கணம்.

எட்டு அடித்தது. மயிலாத்தாளைக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். உறையைக் கழற்றுவதைத் தள்ளிப்போட அது ஒரு மரியாதையான வழி. மரம் வெட்டிய அன்று காலையில் அவள் போனில் சொல்லச் சொல்ல நான்தான் கிளையை அறுத்தேன். ஆட்கள் மின்ரம்பத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க, முக்காலிமேல் நின்று பிளேடு ரம்பத்தால் கால் மணி நேரம் அறுத்தேன். நாற்றின் தலையையும் வெட்டினேன். குச்சி வாடாமலிருக்க ஐஸ் உறையை மாட்டினேன். அதற்குப் பிறகு மரம் விழுந்தது. அதைப் பற்றி வேண்டாம். இரண்டாவது அழைப்பில் எடுத்தாள். "சொல்லுங் சார், புள்ள இன்னிக்கித்தானுங்களே வருது?" ஆமாம், உறையைக் கழற்றலாமா என்றேன். "உள்ள எல உட்டிருக்குதுங்களா?" பச்சையாக இருக்கிறது என்றேன். "பச்சையின்னா?" மற்றவர்களைக் கேட்கிற கேள்வியை என்னை யாரும் கேட்டுப் பழக்கமில்லை. பேச்சை மாற்ற, நாற்று ரொம்ப நன்றாக இருக்கிறது, தண்டில் மூன்று இடத்தில் கிளை விட்டிருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் விரல்கள் நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. "மூணு கெளையா? ஏனுங் சார், தாய்ல வர்ற துளிரெல்லாம் கிள்ளுனீங்களா இல்லீங்களா?" "ஒன்றுவிடாமல்" என்றேன், "மரத்தில் ஒரு துளிர் தலைகாட்ட விடவில்லை, கடைசி நாள் வரைக்கும்." "மரத்துலயா? ஐயோ, மரத்துல எதுக்குங் கிள்ளுனீங்? அதுதானுங்களே நமக்கு வேணுங்கறது! நாஞ் சட்டீல இருக்கற தாயவல்ல சொன்னேன்." சட்டியில் இருப்பது எப்படித் தாயாகும் என்று கேட்டேன். இந்த நேரத்திலும் கேட்டேன். குச்சி எதிலிருந்து வந்ததோ அதுதானே தாய் என்றேன். "அதுக்கென்னங், அது பெத்துக் குடுத்துட்டுப் போயிருச்சு" என்றாள். "இப்ப வேர ஊனித் தண்ணி குடிச்சு இதத் தூக்கி வெச்சுட்டு நிக்கறது ஆருங் சார்? அதத்தானுங் நாங்க தாய்ங்கறது." எதிர்முனையில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "நான் மாயவரத்துக்காரன்" என்றேன், அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கே தெரியவில்லை. "செரி உடுங். உறையக் கழட்டிப்போட்டுக் குச்சிய நகத்துல லேசாக் கீறிப் பாருங். உள்ள பச்சையா இருந்துச்சுன்னா உசுரு இருக்குது. பழுப்பா இருந்துச்சுன்னா..." அவள் முடிக்கவில்லை. முற்றுப்பெறாத வாக்கியத்தை நான் என்றும் அச்சுக்கு விட்டதில்லை.

உறையைக் கழற்றினேன். பச்சை உறையிலேயே இருந்தது. உட்பக்கம் பாசி, மெல்லிய, வழுவழுப்பான பாசி. பதினொரு நாளாகக் காலையில் எழுந்ததும் நான் பார்த்து மகிழ்ந்தது பிளாஸ்டிக்கில் படிந்த பாசியை. குச்சி நின்றது. நுனியில் நகத்தை வைத்தேன். அதே நகம். எத்தனை துளிர் கிள்ளியிருக்கும், ஐம்பது, அறுபது? துளிர் விட விட ஒடித்துப்போட்டு, நீ ஏன் ஏறவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கீறினேன். பழுப்பு. ஒரு விரற்கடை கீழே, பழுப்பு. நடுவில் ஏதோ ஈரமாகத் தெரிந்தது, பாசியின் ஈரம். இன்னும் கீழே, கட்டுக்குப் பக்கத்தில், இங்கே இருக்கலாம், இங்கே இருந்தால் போதும், ஒரு நெல்லளவு போதும். பழுப்பு. கட்டைப் பிரித்தபோது குச்சி தானாகவே என் கைக்கு வந்துவிட்டது, பிடித்திருந்தால்தானே விடுவதற்கு. நாற்றில் மட்டும் சீவிய இடத்தைச் சுற்றிப் புதுத்தோல் உதடு மாதிரித் திரண்டு, காயத்தை மூட வந்துகொண்டிருந்தது. நன்றாக இருந்தது. மூன்று கிளை, கிளைக்கு ஐந்தாறு இலை, இலைமேல் பூனைமுடி மாதிரி ஒரு மினுமினுப்பு. பார்க்கப்போனால் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, பழக்கப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளவில்லை. வந்ததை உட்கார வைத்து உபசரித்தேன். கட்டியிருந்த பாலிதீன் பட்டையின் மிச்சத்தையும் எடுத்துவிட்டால், காயத்தில் கொஞ்சம் செம்மண் குழைத்துப் பூசிவிட்டால், இது ஒரு சண்பகக் கன்று. விதையில் வந்த சண்பகம் பூக்க ஏழு வருஷமாவது ஆகும். ஏழு வருஷம் தாரணி ஓசூரில் தண்ணீர் ஊற்றுவாள், அம்மா மரம் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவாள், அதில் சந்தோஷம் இருக்கும். எட்டாம் வருஷம் ஒரு காலையில் மஞ்சளாகப் பூக்கும். எனக்கு எண்பத்திரண்டு. இருந்தால். பிழை என்று தெரியும்போது பிழைதிருத்துகிறவன் இருக்க மாட்டான், இதைவிடப் பாதுகாப்பான அச்சுப்பிழை உலகத்தில் உண்டா? பட்டையை எடுத்தேன். செம்மண்ணைக் குழைத்தேன். பூசினேன், கைவேலை சுத்தமாகவே வந்தது. சட்டியில் குத்துவதற்காக நேற்றே எழுதி வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டையையும் குத்தினேன்: 'வெண்சண்பகம். தெய்வானை.' இரண்டு சொல்லிலும் எழுத்துப்பிழை இல்லை. பட்ட குச்சியை என்ன செய்வதென்று தெரியவில்லை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டேன். பிறகு கை கழுவினேன். மறுபடி கழுவினேன். இன்றைக்கு விரலில் மண் வாசனை மட்டும்தான் இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். இஞ்சினை அணைக்கவில்லை. அவளுடைய கணவர் சுரேந்தர் உள்ளே இருந்தபடியே கையை உயர்த்தினார், காதில் போன். பட்டுப்புடவை, தலையில் வாடத் தொடங்கிய கல்யாண மல்லிகை. பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்தவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் மேலே பார்த்தாள்.  "ஆகாசம் என்னங் சார் இவ்வளவு பெருசா இருக்குது" என்றாள். இருக்கிறது என்றேன். காப்பி வேண்டுமா என்றேன். "வேண்டாம் சார், அவரு அவசரப்படறாரு." பிறகு கல்லின் மேல் சட்டியைப் பார்த்தாள். புடவை மண்ணில் படுவதைக் கவனிக்காமல் குனிந்து, இலையைத் தொட்டாள், ஒரு விரலால், சூடு பார்க்கிற மாதிரி. அட்டையைப் படித்தாள். எட்டு வயதில் எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னால் உதடு அசையும் அவளுக்கு, அதே மாதிரி அசைந்தது. "அம்மா பேரு போட்டிருக்கறீங்" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. அவ்வளவுதான், நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு இந்த வீட்டில் நெடிய பயிற்சி உண்டு. "பிழை" என்றேன். அவள் நிமிர்ந்தாள். "அம்மா மரம் இல்லை இது. ஒட்டு பிடிக்கவில்லை. செத்துப்போய்விட்டது. இது அடியில் இருந்த செடி, விதையில் வந்தது, மஞ்சளாகப் பூக்கும், அதுவும் ஏழெட்டு வருஷம் கழித்து." சட்டைப் பையிலிருந்து குச்சியை எடுத்துக் காட்டினேன். "இதுதான் அம்மா மரம். நான்தான் கொன்றேன்." "என்னங் சார் பண்ணுனீங்?" சொன்னேன். மயிலாத்தாள் என்ன சொன்னாள், நான் என்ன புரிந்துகொண்டேன், தினமும் எதைக் கிள்ளினேன், எதை விட்டேன், எல்லாம் ஒழுங்குவரிசையில். காரில் ஹார்ன் அடித்தது. அவள் திரும்பவில்லை. "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த, தாய்ன்னா எதுங்கன்னு கேக்கறதுக்கென்னங் சார்?" "எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்." "அகராதியப் பாத்தீங்களாக்கும்?" "பார்க்கவில்லை. அதன்மேல்தான் சட்டியை வைத்திருந்தேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத சிரிப்பு என்று புறங்கையால் வாயை அழுத்தினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பினால் வந்ததா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப அவங்க கணக்குல எதுங் சார் தாயி?" என்று கேட்டாள். நான் சட்டியைக் காட்டினேன். "பெற்றது இல்லையாம். தண்ணி குடித்துத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதுதானாம்." தாரணி இரண்டு கையாலும் சட்டியை அணைத்துத் தூக்கினாள், பட்டில் மண் அப்பியது. இது வெள்ளைப்பூ இல்லை என்று மறுபடி சொன்னேன், கேட்கவில்லையோ என்று. "கேட்டுச்சுங் சார்" என்றாள். கார்வரைக்கும் பின்னால் போனேன். முன் ஸீட்டில் சட்டியை வைத்துக் குழந்தைக்குப் போடுவது மாதிரி பெல்ட்டைப் போட்டாள்; சுரேந்தர் போனைக் காதிலிருந்து எடுத்து அவளையும் செடியையும் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டார். "துளிரு வந்தாக் கிள்ளோணுங்களா?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன், "இதில் எதையும் கிள்ள வேண்டாம்." அட்டை நினைவுக்கு வந்தது. பிழையோடு ஓசூர் போக விட முடியாது. பேனாவை எடுத்துக் கார்க் கதவுக்குள் குனிந்து, முதல் சொல்லில் 'வெண்' என்பதை அடித்தேன். சண்பகம் மிச்சம், அது உண்மை. அடுத்தது தெய்வானை. உண்மை இல்லை, விதையில் வந்த எந்த நாற்றுக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதையும் அடித்தேன். கோடு அவள் பெயருக்குக் குறுக்கே ஈரமாகப் பளபளத்தது. தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள்.  பிறகு அந்தப் பெயரின் கீழே வரிசையாக நாலு புள்ளி வைத்தேன். "புள்ளி எதுக்குங் சார்?" "அடித்தது தப்பு என்று அர்த்தம். இருக்கட்டும் என்று." அவள் கையை நீட்டினாள். சட்டைப் பையில் இருந்த குச்சியைக் கேட்கிறாளோ என்று எடுக்கப்போனேன், பேனாவைக் கேட்டிருக்கிறாள். வாங்கி, குனிந்து, 'தெய்வானை'க்குக் கீழே இருந்த இடத்தில் என் பெயரை எழுதினாள். சிதம்பரநாதன். சொல்வதெழுதுதலில் எழுதுகிற மாதிரி, நிறுத்தி, எழுத்தெழுத்தாக. முடித்துவிட்டு என் பக்கம் அட்டையைத் திருப்பினாள். "எல்லாம் செரியா இருக்குதுங்களா சார்?" சார் என்றுதான் சொன்னாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தேன். மறுபடி ஒருமுறை படித்தேன். பிழை பார்க்கிறவன் கண்ணில் அந்த நேரம் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.